மசாய் மாராவில் பலூன் சவாரி: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

வெப்பக்காற்று பலூனை ஓட்டும் பைலட்டின் கையில் இருப்பது இரண்டே வேலை: ஏற்றுவது, இறக்குவது. இடம் வலம் திருப்ப எதுவும் கிடையாது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். தனக்கு வேண்டிய பக்கம் வீசும் காற்றைத் தேடி ஏறி இறங்குவதுதான் அவருடைய திறமை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பலவற்றுக்கும் காரணம் புரியும்.

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்தை வைத்தே விளக்குகிறோம். காட்டுயிர்ப் படங்கள் எடுத்துவந்த ஆலன் ரூட் 1976இல் பலூன் சஃபாரியைத் தொடங்கியது அங்கேதான். தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் இனம்) மந்தைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போக வேண்டும். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. அவை போதுமென்றால் ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள், கூட்டமும் குறைவு. ஏப்ரல், மே மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாதத்தைவிட முக்கியம், எந்த நாள் காலை என்பது. மாராவில் தங்கும் முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். பலத்த காற்றோ மழையோ இருந்தால் பலூன் ஏறாது. முதல் நாள் ரத்தானால் மறுநாளுக்கு மாற்றிக் கேட்கலாம். நிறையப் பேர் சிகரம் வைத்தாற்போல் இருக்கட்டும் என்று கடைசி நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அன்று ரத்தானால் பணம் கைக்கு வரும், ஆனால் பறக்காமலே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

படி 2: பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

கட்டணம் ஒருவருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 அமெரிக்க டாலர். ஒரு மணி நேரப் பறப்பும் இறங்கியபின் காலை உணவும் இதில் அடங்கும். தங்குமிடத்திலிருந்து அழைத்துப்போவது சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரணாலய நுழைவுக் கட்டணம் தனி. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், மற்ற மாதங்களில் 100 டாலர். சரணாலயத்துக்கு வெளியே தங்குபவர்கள் அந்தக் காலைக்கான நுழைவுச் சீட்டை யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கூடை பல அறைகளாகப் பிரிந்திருக்கும். யாரை எந்த அறையில் நிறுத்துவது என்று பைலட் முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முதுகுவலி, முட்டிவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். குழந்தைகளுக்கான வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கூடையின் சுவர் பெரியவர்களுக்கே மார்பு உயரம் என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

சைவம் என்றால் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். நடுக்காட்டில் கடைசி நேரத்தில் சொன்னால் ரொட்டியும் பழமும்தான் மிஞ்சும். பயணக் காப்பீட்டில் பலூன் சவாரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது.

படி 3: ஊசியும் மூட்டையும்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறிய விமானத்தில் போவதானால் பொதுவாக 15 கிலோ, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியை நைரோபியிலேயே விட்டுவிட்டுப் போகும்படி ஆகும்.

படி 4: உடை

விடியும் முன் நன்றாகக் குளிரும். மேலே போனதும், பலூனுக்குள் காற்றைச் சூடாக்கும் பர்னரின் அனல் தலைக்கு மேல் அடிக்கும். அதனால் பருத்திச் சட்டை, அதன்மேல் கழற்றக்கூடிய ஸ்வெட்டர், தலைக்குத் தொப்பி. உயரமானவர்கள் தொப்பியை மறக்கவே கூடாது. கூடையின் பக்கவாட்டில் உள்ள துளைகளில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும் என்பதால் புடவையும் துப்பட்டாவும் சரிவராது, பேன்ட் போடுங்கள். புல்லெல்லாம் பனியில் நனைந்திருக்கும், மூடிய ஷூ வேண்டும்.

படி 5: தரையிலிருந்து மேலே

பெரும்பாலும் அதிகாலை நாலரை மணி வாக்கில் வண்டி வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்றால், வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று தாறுமாறாகக் கிளம்பும். சூரியன் உதிக்கும் நேரத்தில்தான் அது அமைதியாக இருக்கும். புறப்படும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், கூடையில் அந்த வசதி இல்லை.

முதலில் ஒரு சின்ன ஹீலியம் பலூனைப் பறக்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பைலட் பார்ப்பார். பிறகு பெரிய மின்விசிறிகளால் பலூன் துணிக்குள் குளிர்ந்த காற்றை நிரப்புவார்கள். துணி தரையில் படுத்தபடியே உப்பிக்கொண்டு வரும்போது பர்னரைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் பரவும், சத்தம் காதை அடைக்கும். பெரும்பாலும் கூடையும் பக்கவாட்டில் சாய்ந்தே இருக்கும். நீங்கள் உள்ளே நுழைந்து, முதுகு கீழே, முழங்கால் மடிந்து, வானத்தைப் பார்த்தபடி படுத்துக்கொள்ள வேண்டும். பலூன் நிமிரும்போது கூடையும் நிமிரும், நீங்களும் எழுந்து நின்றுவிடுவீர்கள்.

படி 6: பறக்கும்போது

காற்றோடு சேர்ந்தே போவதால் முகத்தில் காற்றடிக்காது, ஆட்டமும் இருக்காது. உயரம் என்றாலே பயப்படுகிறவர்களில் பலருக்கும் தலைசுற்றல் வருவதில்லை. சில நேரம் மர உச்சியை ஒட்டிப் போவீர்கள், சில நேரம் முந்நூறு மீட்டர் உயரத்தில்.

பக்கத்தில் சிங்கத்தைப் பார்க்க ஜீப்தான் சரி. சிங்கம் இடப்பக்கம் படுத்திருந்தாலும் பலூனை அங்கே திருப்ப முடியாது. இங்கே கிடைப்பது வேறு: மாரா ஆறு எப்படி வளைகிறது, நீர்யானைகள் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பிய தடம், மந்தை ஒற்றை வரிசையாகப் புல்வெளியைக் கீறிக்கொண்டு போவது. அதனால் 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 70-200 ஒன்றும் கைபேசியும் தாராளம். நெருக்கத்தில் லென்ஸ் மாற்ற இடமிருக்காது. கேமராவின் வார் கழுத்தில் இருக்கட்டும்.

படி 7: இறங்குவது

கவனம் அதிகம் வேண்டிய நேரம் இதுதான். பைலட் சொன்னதும் கேமராவை உள்ளே வையுங்கள். பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து, உள்ளே உள்ள கயிற்றுப் பிடிகளை இரண்டு கையாலும் பற்றுங்கள். தலையும் முதுகும் கூடையின் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். காற்று லேசாக இருந்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்கும். வேகமாக இருந்தால் இரண்டு மூன்று முறை குதித்து, சாய்ந்து, புல்லில் சிறிது தூரம் இழுபடும். அது விபத்து இல்லை, அப்படி இறங்குவதற்கென்றே அமைத்த கூடை அது. அடிபடுவது பெரும்பாலும் வீடியோ எடுக்க எழுந்து நிற்பவர்களுக்குத்தான்.

நின்றவுடன் குதித்து இறங்காதீர்கள். ஒருவர் இறங்கினால் எழுபது கிலோ குறைகிறது. உள்ளே சூடான காற்று மிச்சமிருந்தால் பலூன் மற்றவர்களோடு மறுபடி எழும்பிவிடும். உச்சியில் உள்ள வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றிய பிறகு பைலட்டே ஒவ்வொருவராக இறங்கச் சொல்வார்.

படி 8: சாப்பாடும் அதன் பிறகும்

கீழே பின்தொடர்ந்து வரும் வண்டிகள் வந்து சேர்ந்ததும் அங்கேயே புல்வெளியில் காலை உணவு. மேசையை விட்டுத் தனியாக நடந்து போகாதீர்கள், புதருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஜீப் ஓட்டுநரை விடுதியில் காத்திருக்கச் சொல்லாமல் சாப்பாட்டு இடத்துக்கே வரச்சொல்ல முடியுமா என்று முந்தின இரவே கேட்டுவைத்தால், விலங்குகள் நிழலுக்கு ஒதுங்கும் முன் அங்கிருந்தே சஃபாரிக்குக் கிளம்பிவிடலாம்.