மாவோவும் எதிர்ப்பாளர்களும்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மாவோ தன் எதிர்ப்பாளர்களை எப்படிக் கையாண்டார் என்று எழுதுகிறவர்கள் பலர் ஸ்டாலினை மனதில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். மாஸ்கோவில் 1936 முதல் 1938 வரை பழைய போல்ஷ்விக் (ரஷ்யப் புரட்சியை நடத்திய கட்சி) தலைவர்களை நீதிமன்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். மாவோ தன் சக தலைவர்களை அப்படிச் சுடவைக்கவில்லை. ஆட்சிக்கு வருமுன் கட்சியின் தலைமையிடமாக இருந்த யெனானில் 1942-இல் தொடங்கிய 'திருத்த' இயக்கத்திலேயே அவர் பாணி உருவாகிவிட்டது: கூட்டத்தில் உட்காரவைத்துக் குடைவது, சுயவிமர்சனம் எழுதவைப்பது, முத்திரை குத்துவது.

அப்படியானால் மென்மையானவர் என்று முடிவுகட்டுவது இன்னும் பெரிய தவறு. கட்சிக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 1950-இல் தொடங்கிய 'எதிர்ப்புரட்சியாளர் ஒடுக்க'த்தில் கொல்லப்பட்டவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இது சீனத் தரப்பே தந்த கணக்கு. மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு ஒருவரைக் கொல்லலாம் என்று மேலிடமே அளவு சொல்லியிருந்தது.

'நூறு பூக்கள் மலரட்டும்', அதாவது கட்சியை வெளிப்படையாக விமர்சிக்கலாம் என்ற மாவோவின் அழைப்பு, என்றதுமே அது விமர்சகர்களைப் பிடிக்க வைத்த பொறி என்று எழுதிவிடுகிறோம். மாவோவே 1957 ஜூலையில் அது மறைவில்லாத சூழ்ச்சிதான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் காரியம் கைமீறிய பிறகு எல்லாம் நான் போட்ட திட்டம்தான் என்று சொல்லாத அரசியல்வாதி யார்? கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக 1956-இல் எழுந்த ஹங்கேரிக் கிளர்ச்சிக்குப் பிறகு, 1957 பிப்ரவரியில், விமர்சனம் வரட்டும் என்று அவரே பேசினார். மே மாதம் வந்த விமர்சனம் கட்சியின் ஆட்சியுரிமையையே கேள்வி கேட்டது. மே நடுவிலேயே மாவோ மனம் மாற, ஜூன் 8 அன்று கட்சியின் ஏடான மக்கள் நாளிதழின் தலையங்கத்தோடு தாக்குதல் தொடங்கியது. ஆய்வாளர்கள் இன்றும் இதில் ஒத்துப்போவதில்லை. சுமார் 5.5 லட்சம் பேர் மேல் 'வலதுசாரி' என்று முத்திரை குத்தப்பட்டதில் மட்டும் சர்ச்சை இல்லை.

எதிர்ப்பு என்றால் எதிர்க்கட்சி என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு, கட்சித் தலைவர்கள் 1959-இல் கூடிய லூஷான் மாநாட்டைப் படித்தால் ஒன்றும் விளங்காது. 1959 ஜூலை 14 அன்று பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய், உற்பத்தியை ஒரே தாவலில் பெருக்க மாவோ 1958-இல் தொடங்கிய 'பெரும்பாய்ச்சல்' திட்டத்தின் குளறுபடிகளைச் சொல்லி மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதினார். மாவோவை ஒதுக்கச் சொல்லவில்லை. சாதனைகளைப் புகழ்ந்துதான் குறைகளுக்கு வந்தார். மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். ஜூலை 23 அன்று எழுந்து, ராணுவம் என் பின்னால் வராவிட்டால் கிராமத்துக்குப் போய் வேறு படை திரட்டுவேன் என்றார். கடிதம் அத்துடன் ஒரு சதியாகிவிட்டது. பெங் பதவி இழந்தார்; லின் பியாவோ அந்த இடத்துக்கு வந்தார். கடிதம் சுட்டிய குறைகளைத் திருத்தும் வாய்ப்பும் அதோடு போனது, பஞ்சம் முற்றியது. ஒரு கடிதத்தின் விலை ஒருவரின் பதவி மட்டும் என்று எழுதுவதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன்.

1966-இல் மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில்தான் எல்லாம் தொடங்கியது என்பதும் சரியல்ல. அப்போது முறை புதிதல்ல. கட்சி அமைப்பைத் தாண்டி மாணவர் கூட்டத்தை ஏவியதுதான் புதிது. நாட்டின் தலைவராக இருந்த லியூ ஷாவோச்சி 1968-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டு காய்ஃபெங்கில் காவலில் இறந்தார். உடலைப் பொய்ப் பெயரில் எரித்தார்கள்.

அவரைப் பலியாள் என்று மட்டும் எழுதுவதும் அரைகுறைதான். லூஷானில் பெங்கைத் தாக்கியவர்களில் லியூவும் உண்டு. 1957-இன் வலதுசாரி வேட்டையை நடத்திய முக்கியமானவர் அன்றைய கட்சிப் பொதுச்செயலாளர் டெங் சியோபிங். பின்னாளில் டெங்கின் காலத்தில்தான் அந்த முத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. ஆனால் அந்த இயக்கம் தேவைதான், எல்லை மீறி விரித்துவிட்டோம் என்ற நிலையை அவர் கடைசிவரை விடவில்லை.