த்ராட்டில் பாடியில் படிந்த கரியை வீட்டிலேயே எடுப்பது எப்படி

சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. ஏசி போட்டால் ஆஃப் ஆகப் பார்க்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டதும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் நகர்கிறது. பெட்ரோல் காரில் இவை சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம். கரி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் டேங்கில் ஆடிடிவ் (பெட்ரோலில் கலக்கும் கிளீனர்) பாட்டிலைக் கவிழ்த்துப் பயனில்லை. பெட்ரோல் இந்தப் பக்கமே வருவதில்லை.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் புகையும் ஆயில் ஆவியும் பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் வால்வு), பிரீதர் ஹோஸ் வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே (காற்று உள்ளே போகும் பாதைக்கே) வருகின்றன. அந்தப் பிசுக்கு, காற்றுக்கு வழிவிடும் பட்டர்ஃபிளை தகடு மூடும் இடத்தில் கறுப்பு வளையமாக இறுகிவிடும். ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். விளிம்பில் மயிரிழை போன்ற இடைவெளியில்தான் காற்று போகிறது. அதைக் கரி அடைத்தால் உதறாமல் என்ன செய்யும்?

தேவையானவை: 10 எம்எம் சாக்கெட், ஸ்க்ரூடிரைவர், த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்பிரே ஒரு டின், நூல் உதிராத துணி, பழைய மென்மையான டூத் பிரஷ், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, புது காஸ்கெட் (இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்). காஸ்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பழையது காற்றை இழுத்தால், வேலைக்கு முன்பு இருந்ததைவிட ஐடில் மோசமாகும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஸ்பிரே எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்தி எடுங்கள். அதில் எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) இருந்தால் தனியே பத்திரமாக வையுங்கள். இந்த ஸ்பிரே அதில் பட்டால் சென்சார் போய்விடும். பிறகு த்ராட்டில் பாடியின் மின் கனெக்டரின் லாக்கை அழுத்தி உருவி, பெரும்பாலும் நான்காக இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி கையில் வரும். சில வண்டிகளில் கூலன்ட் ஹோஸும் இணைந்திருக்கும். அதைப் பிடுங்காமல் பாடியை மட்டும் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராகப் பீய்ச்சாதீர்கள். திரவம் தகட்டின் ஷாஃப்ட் (அச்சுத் தண்டு) வழியே இறங்கினால் மோட்டாரும் பொசிஷன் சென்சாரும் கெடும். தகட்டை விரலால் மெல்லத் திறந்து, பின்பக்க விளிம்பைப் பிரஷ்ஷால் தேயுங்கள். கரி அதிகம் சேருவது அங்கேதான். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் உள்ளே பிளாஸ்டிக் கியர்கள் இருக்கும் என்பதால் பலவந்தம் கூடாது, சட்டென்று விடவும் கூடாது. கையேடு கையால் திறக்காதே என்றால் திறக்காதீர்கள். உள்சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் அது கரி அல்ல, கம்பெனி கோட்டிங். கத்தியோ உப்புத்தாளோ பட்டால் உரிந்துவிடும்.

மாட்டும்போது போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். மேனிஃபோல்டு (பாடி பொருந்தும் காற்றுக் குழாய்த் தொகுதி) பிளாஸ்டிக் என்றால் இன்னும் கவனம்.

ஸ்டார்ட் செய்ததும் ஐடில் 1500 ஆர்பிஎம் வரை எகிறலாம், பயப்பட வேண்டாம். கரியோடு பழகிய ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), தகட்டை இன்னும் கூடுதலாகத் திறந்து வைத்திருக்கிறது. பல வண்டிகளில் ஏசி, லைட் எல்லாம் அணைத்து 10 நிமிடம் ஐடிலில் விட்டால் தானாகச் சரியாகும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்து ரீலேர்ன் (தகட்டின் நிலையை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்தே ஆக வேண்டும்.

இந்த வேலை இன்டேக் வால்வை எட்டாது. போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே தெளிக்கப்படுவதால் அதுவே வால்வைக் கழுவும். பிஇஏ என்ற கரி கரைக்கும் வேதிப்பொருள் கலந்த ஆடிடிவ் அங்கே உதவும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் ஆடிடிவ் வால்வைத் தொடுவதே இல்லை; மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத்தூள் பீய்ச்சும் பட்டறைதான் வழி. ஓடும் டீசல் இன்ஜினின் இன்டேக்கில் எந்த ஸ்பிரேயும் அடிக்கவே கூடாது. டீசலில் அதுவே எரிபொருளாகி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும்.

சுத்தம் செய்த சில மாதத்திலேயே கறுப்பு வளையம் திரும்பினால் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பெரும்பாலான வால்வுகள் நன்றாக இருந்தால் கடகடவென்று சத்தம் தரும். சத்தம் இல்லையென்றால் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது, மாற்றுங்கள்.