தண்டவாளம் போடுமுன் அறை: கீழ்த்தளத்தில் மாதிரி ரயில் அமைப்போருக்கு

கோலாலம்பூரில் நிலவறை உள்ள வீடுகள் மிகக் குறைவு. ஆனால் பங்சார், டாமன்சாரா மேட்டுப்பகுதி வீடுகளிலும் பினாங்கின் தஞ்சோங் பூங்கா மலைச்சரிவு வீடுகளிலும் சாலை மட்டத்துக்குக் கீழே, ஒரு சுவரை மண்ணோடு ஒட்டியபடி ஓர் அறை இருப்பதுண்டு. வெயில் நேரடியாகப் படாத, யாருடைய நடமாட்டமும் குறுக்கிடாத அந்த அறையை மாதிரி ரயிலுக்கு ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆயினும் அறைக்குக் குளிர்ச்சியைத் தரும் அந்த மண்சுவர்தான் ஈரத்தையும் தருகிறது. நம் ஊரில் மாதிரித் தண்டவாளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரமே. ஆகவே முதல் பலகையை அறுப்பதற்கு முன் அறையை உலரச் செய்து, அது உலர்ந்தே இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சோதனை எளியது. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமான கெட்டியான பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒன்றும் மண்சுவரில் ஒன்றுமாக வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் கான்கிரீட்டுக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் படிந்திருந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரமே காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இந்த வேறுபாட்டை அறியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. கோலாலம்பூரில் ஏப்ரல் மாதத்தை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் மழை மிகுதி என்பதால், அந்த வாரங்களில் செய்யும் சோதனையையே நம்புங்கள்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தால் முதலில் வெளியே சென்று பாருங்கள். அடைபட்ட கால்வாய், சுவரோரம் வந்து விழும் கூரைநீர், சுவரை நோக்கிச் சரிந்த மண் ஆகியவற்றைச் சீர்செய்யாமல் உட்புறத்தில் நீர்காப்புச் சாயம் பூசினால், பின்னாலிருந்து அழுத்தும் நீர் அதைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். என் அறையில் இருமுறை பூசி, இருமுறையும் சுரண்டி எடுத்த பிறகே வெளிக்கால்வாயைத் தோண்டிச் சரிசெய்தேன். அதன்பின் அந்தச் சுவரில் வெண்ணிற உப்புப் பூக்கவில்லை.

காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தவரை, ஒரு செய்தியை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நம் ஊர்க் காற்று ஆண்டு முழுவதும் 23 அல்லது 24 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தாலே நீராக மாறத் தொடங்குகிறது. ஏர்கோனை 20 டிகிரியில் வைத்து அறையைக் குளிர்வித்த பிறகு கதவைத் திறந்தால், உள்ளே நுழையும் வெளிக்காற்று குளிர்ந்த தண்டவாளத்தின் மீதும் இன்ஜின் சக்கரங்களின் மீதும் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலமாகப் படிந்துவிடும். நாளடைவில் தண்டவாளம் கறுத்து மின்தொடர்பு குன்றும், எஃகு அச்சுகளில் துரு ஏறும், பசையும் சாந்தும் கொண்டு செய்த குன்றுகளில் பூஞ்சணம் பிடிக்கும். விளையாடும் நேரத்தில் மட்டும் கடுமையாகக் குளிர்வித்துவிட்டு அணைப்பதைவிட, 26 அல்லது 27 டிகிரியில் மிதமாக வைத்துக்கொண்டு, ஈரநீக்கி ஒன்றை நாள்தோறும் ஓடவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அமுக்கி (கம்பிரசர்) பொருத்திய ஈரநீக்கி நம் வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். அதன் தொட்டியை நாள்தோறும் காலிசெய்ய மறந்துபோகும் என்பதால், குழாய் பொருத்தி நீரைத் தரை வடிகாலுக்கே செலுத்திவிடுங்கள். ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்பது நோக்கம். ஏர்கோனின் உட்கருவியை ரயில் அமைக்கும் மேடைக்கு நேர் மேலே பொருத்தாதீர்கள். என்றேனும் ஒரு நாள் அது சொட்டும்.

மரமும் ஈரத்துக்கேற்ப, குறிப்பாக நாருக்குக் குறுக்காக, விரிந்து சுருங்கும். நிக்கல் வெள்ளி எனப்படும் தண்டவாள உலோகமோ ஐந்து மீட்டர் நீளத்துக்குப் பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நீளும். எனவே தண்டவாளம் வளைந்து நெளியும்போது பலரும் வெப்பத்தைக் குறை சொன்னாலும், குற்றம் பெரும்பாலும் அடியிலுள்ள மரச்சட்டத்தில்தான் இருக்கும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்டை வாங்கி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் சாயம் பூசி அடைத்துவிடுங்கள்.

கரையானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மண்ணோடு ஒட்டிய அறைக்கு அது வராது என்று எண்ண இடமில்லை. ரப்பர் மரச்சட்டங்களையும் சரக்குப் பெட்டிகளிலிருந்து கழற்றிய மலிவான பைன் மரத்தையும் கீழ்த்தளத்தில் பயன்படுத்தாதீர்கள். துளையிட்ட இரும்புக் கோணச் சட்டங்களால் கால்களை அமைத்து, மேடையைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி நிறுத்தினால், கரையான் கட்டிக்கொண்டு சுவரில் ஏறும் மண்குழாய் கைவிளக்கு வெளிச்சத்தில் தெரியும். மாதம் ஒருமுறை பார்ப்பது போதும், ஆனால் தவறாமல் பாருங்கள்.

வெள்ளமும் கவனத்துக்குரியது. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்செருகிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிப் பொருத்துங்கள், ரயில் பெட்டிகளைத் தரையில் அடுக்காதீர்கள். மின்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைத்து, அந்த இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் காப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். கதவருகே ஒரே சுவிட்சில் ரயிலும் விளக்கும் அணையட்டும். ஆனால் ஈரநீக்கியின் இணைப்பு அதில் சேரக் கூடாது, ஏனெனில் நீங்கள் வெளியேறிய பிறகுதான் அதற்கு வேலை.

மேடை வந்துவிட்டால் அதன் பின்னுள்ள சுவரை எட்ட முடியாது. ஆகவே கூரைப்பலகையை அடைத்துத் தூசி விழாமல் செய்வது, சுவரில் வெளிர் நீல வானம் தீட்டுவது, மூலைகளில் மெல்லிய தகடு வளைத்து வைத்து நிழற்கோடு தெரியாமல் மறைப்பது ஆகியவை முன்பே முடிந்திருக்க வேண்டும். தரைக்கு வெளிர் நிறம் தேர்ந்தெடுங்கள். கீழே விழும் சிறு திருகாணி கண்ணில் படும். விளக்குகள் எல்லாம் ஒரே வண்ணத்தில், 4,000 கெல்வின் அளவில் இருந்தால் பச்சை பச்சையாகவே தோன்றும்.

இனி அளவு. 1:87 விகிதமுள்ள எச்.ஓ. வகையில் 457 மில்லிமீட்டர் ஆரத்தில் ரயிலைத் திருப்ப, மேடை ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலமாக இருக்க வேண்டும். 1:160 விகிதமுள்ள ‘என்’ (N) வகைக்கு 65 சென்டிமீட்டர் போதும். நம் கே.டி.எம். (மலாயா ரயில்வே) பாதையின் உண்மை அகலம் ஒரு மீட்டர் என்பதால், செந்தூல் ரயில் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் 1:87 விகிதத்தில் அதை அப்படியே செய்ய விரும்பினால் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தேட வேண்டும். எந்த வகையானாலும் நடைவழிக்கு 75 சென்டிமீட்டர் விடுங்கள், கை எட்டும் தொலைவும் அதற்கு மேல் போகக் கூடாது. மேடையின் உயரம் 110 முதல் 120 சென்டிமீட்டர் இருந்தால் ரயிலைப் பக்கவாட்டில் பார்க்கும் இன்பம் கிட்டும்.

வரைபடத்தை ஒட்டுநாடாவால் தரையில் அப்படியே ஒட்டி, வீட்டில் உள்ளவர்களையும் அழைத்து நடந்து பாருங்கள். பின்னர் ஈரப்பதமானியை அந்த வெற்றறையில் வைத்து, காலையும் மாலையும் கணக்கெழுதி, ஒரு மழைக்காலம் முழுவதும் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் நின்றால் பலகை வாங்கப் புறப்படலாம்.