பார்த்துக்கொள்ள வருபவரின் வேலையை வேலையாக நடத்துவது எப்படி

வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் துணையாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும், வைக்கப் போகிறவர்களுக்கும், தனக்கான உதவியாளரைத் தானே அமர்த்திக்கொள்ளும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது. என் அண்ணனுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). எங்கள் வீட்டுக்குப் பல உதவியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள், சிலர் வருடக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று யோசித்தால் அவரவர் குணத்தைவிட நாங்கள் செய்து வைத்திருந்த ஏற்பாடுதான் காரணமாகத் தெரிகிறது. வேலை என்ன, எத்தனை மணி வரை, லீவு எப்போது, அடுத்த வருடம் சம்பளம் ஏறுமா என்று எதையும் சொல்லாமல் "எங்க வீட்டு ஆள் மாதிரி இருந்துக்கோங்க" என்று கூட்டி வந்தால், வேறு இடத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்ததும் கிளம்பத்தான் செய்வார்கள். அதில் தப்பே இல்லை.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

வேலையை எழுதுங்கள். யாருக்கு உதவி தேவையோ அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். வாயால் சொன்னாலும் சரி, பட அட்டையைத் தொட்டுக் காட்டினாலும் சரி, கண் அசைத்தாலும் சரி, அவர் சொன்னது அவர் சொன்னதுதான். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தாண்டி "இவனுக்கு என்ன பிடிக்கும்னா" என்று ஆரம்பித்தீர்கள் என்றால், புதிதாக வந்தவரும் அன்றே அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

"குளிப்பாட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஒன்றுமே எழுதாத மாதிரி. கட்டிலில் இருந்து வீல்சேருக்கு எந்தப் பக்கமாக மாற்றுவது, அதற்கு முன்னால் இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா என்று பார்ப்பது, தண்ணீர் எவ்வளவு சூடு, எந்தக் கை இறுக்கமாக இருக்கும், அதைச் சட்டைக்குள் முதலில் நுழைக்க வேண்டும் என்பது, இதெல்லாம் தாளில் வரட்டும். சாப்பாடு ஊட்டும்போது முதுகு நிமிர்ந்து, தாடை லேசாகக் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊட்டினால் புரை ஏறும். அண்ணனுக்கு ரசம் சாதத்தைவிடக் கெட்டியாகப் பிசைந்த பருப்பு சாதம் இறங்கும், அதைக்கூட எழுதி வைத்திருக்கிறோம்.

அதே தாளின் கீழ்ப்பாதியில் எது அவருடைய வேலை இல்லை என்று எழுதுங்கள். வீடு மொத்தத்துக்கும் சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது, ஊரிலிருந்து வந்த பெரியம்மாவுக்குக் கால் பிடித்து விடுவது எதுவும் இதில் சேராது. ஊசி போடுவதும் மூக்குவழிக் குழாயைப் புதிதாகச் செருகுவதும் நர்ஸ் வேலை, பயிற்சி இல்லாதவரிடம் அதைத் தள்ளிவிடாதீர்கள். சமையலும் வேண்டும் என்றால் அதைத் தனியாகப் பேசி, தனியாகச் சம்பளம் கொடுங்கள்.

இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி விடுங்கள்.

நேரமும் பணமும்

ஏஜென்சிகள் "24 மணி நேர டியூட்டி" என்று விற்கிறார்களே, அப்படி ஒரு வேலை எந்த மனிதராலும் செய்ய முடியாதது. படுத்தபடியே இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இரவு முழுக்க அதைச் செய்பவர் பகலிலும் வேலை செய்கிறார் என்றால் அவர் எப்போது தூங்குவார்? அதனால் கணக்குப் போடுங்கள். இரவில் எழ வேண்டியிருந்தால் அது இரவு டியூட்டி, அதற்கு வேறு ஆள், அல்லது வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஏர் பெட் வாங்கலாமா, புரட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தங்கி வேலை செய்பவருக்கும் தொடர்ந்த தூக்கமும், கதவு சாத்திக்கொள்ளும் ஓர் இடமும், வாரம் ஒரு முழு நாள் லீவும் வேண்டும். லீவு நாளுக்கு ரிலீவர், அதாவது மாற்று ஆள், தேடுவது உங்கள் பொறுப்பு, "நீயே ஒரு ஆளைப் பார்த்து விட்டுட்டுப் போ" என்று சொல்லக் கூடாது. தெருவில் இன்னொரு வீட்டிலும் இதே தேவை இருந்தால் இரண்டு வீடும் சேர்ந்து ஒரே ரிலீவரை வைத்துக்கொள்ளலாம்.

பணம் போதவில்லை என்பது நிறைய வீடுகளில் உண்மை, எனக்கும் தெரியும். போதாதபோது மணி நேரத்தைக் குறையுங்கள், மணிக்கான கூலியைக் குறைக்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்திருக்கிறது, அதற்குக் கீழே பேரம் பேசுவதற்கு இடமில்லை. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் யுடிஐடி அட்டையோடு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். அந்தத் தொகையில் ஆள் வைக்க முடியாதுதான், ரிலீவர் செலவில் ஒரு பகுதியாவது தேறும். ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தால், நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று இருவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சி வேண்டாம்.

சம்பளம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் போகட்டும். பின்னாளில் அவர் கடன் கேட்கப் போனாலும் அனுபவத்தைக் காட்டப் போனாலும் அந்த வரவு உதவும்.

அவர் பெயரில் சில பதிவுகள்

பராமரிப்பு வேலைக்கென்று தனி வாரியம் இங்கே இல்லை. 2007இல் அமைந்த வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதியலாம், பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவி உண்டு, வயது 18 முதல் 60க்குள் இருக்க வேண்டும். கூடவே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு தரும் இ-ஷ்ரம் அட்டை. வங்கியில் வருடம் 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது, அந்த 20 ரூபாயை நீங்களே கட்டுங்கள். ஒரு நாள் லீவு கொடுத்து, கூடவே போய், எல்லாவற்றையும் முடித்து விடுவது நல்லது. "போய்ப் பதிஞ்சுக்கோ" என்று வாயால் சொன்னால் நடக்காது.

பயிற்சி

என்னைக் கேட்டால் இங்கேதான் நாம் அதிகமாகக் கோட்டை விடுகிறோம். பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) வந்தால் குடும்பத்தார் சுற்றி நிற்போம், உதவியாளர் காபி போடப் போயிருப்பார். தினமும் தூக்கி மாற்றுபவர் அவர்தான், அவர்தான் அந்த அறையில் இருக்க வேண்டும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது எப்படி, எந்த இடத்தில் பிடித்தால் தோள் மூட்டு நழுவாது, எப்போது தூக்கவே கூடாது, தூக்காமல் நகர்த்தி மாற்ற உதவும் சறுக்குப் பலகை வைத்து மாற்றலாமா என்று அவரே கேட்டு, அவரே பிசியோ முன்னால் செய்து காட்டட்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் போவது முதுகு, அப்புறம் அந்த வேலையும் போய்விடும்.

வலிப்பு வரக்கூடியவர் என்றால் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, மணி பார்க்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. இதை ஒரு தடவை சொன்னால் போதாது, நடித்துக் காட்டச் சொல்லுங்கள். உதவி பெறுபவர் சம்மதித்தால் பிசியோ காட்டுவதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம், ரிலீவருக்கும் அது பாடம்.

வெளியே படிக்க அனுப்பவும் வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், ஆய்க்குடி அமர் சேவா சங்கம், சென்னை வித்யாசாகர் போன்ற இடங்களில் பராமரிப்பாளர்களுக்கு இப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) கொண்டுவந்த சஹயோகி திட்டம் பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே வந்தது. சுகாதாரத் துறைத் திறன் மன்றத்தின் 'ஹோம் ஹெல்த் எய்ட்' (வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்) சான்றிதழும் உண்டு. இந்திய மறுவாழ்வு மன்றம் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2021இல் தொடங்கிய 6 மாத 'சமூகம் சார்ந்த உள்ளடக்கிய மேம்பாடு' (சிபிஐடி) படிப்பு வீட்டோடு இருந்து உதவுபவர்களைவிட ஊருக்குள் பல குடும்பங்களைப் பார்ப்பவர்களுக்குப் பொருந்தும், அந்தப் பக்கம் போக விரும்பும் இளைஞர் இருந்தால் சொல்லுங்கள். எதற்கு அனுப்பினாலும் பயிற்சி நாள் டியூட்டி நாள்தான், சம்பளம் பிடிக்கக் கூடாது. படித்து முடித்து வந்ததும் சம்பளம் ஏற வேண்டும், எவ்வளவு ஏறும் என்பதை அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். "படிக்க வெச்சா போயிடுவாங்க" என்பார்கள், சிலர் போவார்கள்தான். படிக்க வைக்காவிட்டாலும் போகிறார்களே.

பேச்சில் இடம்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சம்பளம் வாங்கிப் பார்த்துக்கொள்பவரையும், வாங்காமல் பார்த்துக்கொள்ளும் அம்மாவையும் ஒரே வரையறைக்குள்தான் வைக்கிறது. டாக்டரிடம் போகும்போது உதவியாளரையும் உள்ளே கூட்டிப் போங்கள். எத்தனை முறை சிறுநீர் கழித்தார், எந்த மாத்திரைக்குப் பிறகு சோர்ந்து போகிறார் என்பதற்கு உதவியாளர் எழுதும் நோட்டுதான் சாட்சி. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, உதவியாளரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டு 4ஆம் தேதி லீவு கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். பொன்னாடைக்கான காசில் இரண்டு நாளைக்கு ரிலீவர் வைக்கலாம்.

பாதுகாப்பு இரண்டு பக்கமும் வேண்டும். மாற்றுத்திறனாளியை அவமதிக்கும் நோக்கத்தோடு தாக்கினாலோ பொதுவெளியில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலோ அதே சட்டத்தின் 92ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வேலைக்கு வரும் பெண்ணிடம் வீட்டில் யாராவது தவறாக நடந்தால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் அவர் புகார் கொடுக்கலாம். இரண்டையும் முதல் நாளே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். குளியல், கழிப்பறை உதவிக்கு யார் வேண்டும், ஆணா பெண்ணா என்பதை உதவி பெறுபவர் முடிவு செய்யட்டும்.

போகும்போது

ஒரு மாதம் முன்னறிவிப்பு என்று தாளிலேயே எழுதியிருந்தால் சண்டை வராது. முடிந்தால் கடைசி ஒரு வாரம் பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை செய்யட்டும், இரண்டு பேருக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். அப்புறம் அனுபவச் சான்று. "நல்லவர், நாணயமானவர்" என்று எழுதினால் அடுத்த இடத்தில் அவருக்குச் சம்பளம் ஏறாது. இப்படி எழுதுங்கள்:

"இவர் எங்கள் வீட்டில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, மூளை முடக்குவாதம் உள்ள 40 வயதுக்காரருக்கு முழுநேர உதவியாளராக இருந்தார். வீல்சேர் மாற்றுதல், பாதுகாப்பாக உணவூட்டல், படுக்கைப் புண் தடுப்பு, வலிப்பு முதலுதவி, பட அட்டை வழியாகப் பேசுதல் ஆகியவற்றைத் தனியாகச் செய்வார். முடித்த பயிற்சி இது. கடைசியாக வாங்கிய சம்பளம் இது. விவரம் கேட்க விரும்புவோர் என்னை அழைக்கலாம்."

கீழே இருவர் கையெழுத்தும் வரட்டும், உங்களுடையதும் உதவி பெற்றவருடையதும். அண்ணன் கைநாட்டுத்தான் வைப்பார். பாக்கிச் சம்பளத்தை அன்றே கணக்கில் போட்டுவிடுங்கள், புது ஆள் வரும்வரை என்று நிறுத்தி வைக்காதீர்கள்.