அரசியல் விமர்சகரின் பேச்சை எடைபோடுவது எப்படி?

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரின் பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போட்டிருந்தால், அவர் எந்தக் கட்சி மேடைகளில் பேசியிருக்கிறார், யாருக்காகத் தேர்தல் பணி செய்திருக்கிறார் என்பதை முதலில் தேடிப் பாருங்கள். கட்சிச் சார்பு குற்றமன்று. அதை மறைத்து நடுநிலையாளராக அமர்வதும், தெரிந்தே அப்படி அமர்த்துவதும்தான் அறப்பிழை. இதில் நிலையத்தின் பொறுப்பே பெரிது என்பேன்.

அடுத்து, பேச்சைத் தகவல், கருத்து, கணிப்பு என்று பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு எட்டு வழிச்சாலையைவிட நல்ல பயிற்சி கிடையாது. சுமார் 277 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட அந்தச் சேலம்–சென்னைச் சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. முதல் தீர்ப்பை மட்டும் சொல்லி 'நீதிமன்றமே திட்டத்தை நிராகரித்துவிட்டது' என்பவரும், இரண்டாவதை மட்டும் சொல்லி 'நீதிமன்றமே சாலை தேவை என்றுவிட்டது' என்பவரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஏனெனில் மேல்முறையீட்டில் முடிவானது, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்பே நில எடுப்பு அறிவிக்கை வெளியிடலாமா என்பது போன்ற நடைமுறைக் கேள்விகளே தவிர, சாலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. 'சாலை வந்தால் தொழில் பெருகும்' என்பது கணிப்பு. எந்தக் கணக்கின்மேல் என்று கேட்க வேண்டும். அந்தச் சாலைக்கான பாதையில் வரும் பூலாவரியிலும் சேர்வராயன் அடிவாரத்துக் குப்பனூரிலும் நிலம் வைத்திருப்பவர்களின் மனத்தைத் தாமே அறிந்தவர்போல ஒருவர் பேசினால், அவர்களில் ஒருவரையாவது அந்த நிகழ்ச்சி பேச விட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் சென்னை அரங்கிலிருந்தே தீர்ப்பு வந்துவிடும்.

கருத்துக்கணிப்பு என்றால் யார் நடத்தியது, எத்தனை பேரிடம், எப்போது என்ற மூன்றையும் சொல்லாத எண்ணை ஒதுக்கிவிடலாம்.

தவறான தகவல் என்று உறுதியானால், நாள், நேரம், சொன்ன வாசகம், அதை மறுக்கும் ஆவணம் ஆகியவற்றோடு நிலையத்துக்கே முதலில் எழுதுங்கள். 2021ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி 15 நாள்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், நிறைவில்லையெனில் அந்நிலையம் உறுப்பினராக உள்ள, ஒளிபரப்பாளர்களே அமைத்துக்கொண்ட சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். நாளிதழ்க் கட்டுரையானால் ஆசிரியருக்கு எழுதிய பிறகு, வெளியான இரண்டு மாதங்களுக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்தை அணுகலாம்; அம்மன்றம் கண்டிக்கலாம், அபராதம் விதிக்க முடியாது. 'எங்கள் ஊரை இழிவுபடுத்தினார்' என்று பொதுவாக எழுதும் புகார் நிற்காது; பொய்யான ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துக்காட்டி எழுதுங்கள்.