மலை இறங்கும்போது நெஞ்சுக்கு ஒரு செய்தித்தாள்

பிரான்ஸின் பிரனீஸ் மலையில் பிளாத்தோ த பெய் என்ற பீடபூமிக்கு சைக்கிளில் ஏறப் போகிறீர்களா? ஜெர்சியின் பின்பையில் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள். மேலே போனதும் அதை விரித்து, கழுத்தடியிலிருந்து வயிறு வரை மறைக்கிற மாதிரி ஜெர்சிக்குள் செருகி, ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டு இறங்குங்கள்.

லே கபான் கிராமத்திலிருந்து மேலே சுமார் 16 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் கிட்டத்தட்ட 8 சதவீதம். உச்சியில் ஜெர்சி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடிவாரத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், குளிரும் ஏழெட்டு டிகிரி கூடுதல். இறங்கும்போது பெடல் மிதிக்கிற வேலையும் இல்லை, உடம்பில் சூடு பிறக்காது. ஈரத்துணியில் காற்று நேராக அடிக்கும். தாள் அந்தக் காற்றைத் தடுக்கிறது, மடிப்புகளுக்கு நடுவே வெதுவெதுப்பான காற்றைப் பிடித்து வைக்கிறது, வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் உச்சியில் ரசிகர்களிடம் பேப்பர் வாங்கிச் செருகிக்கொண்டது இதற்காகத்தான். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். அது உறிஞ்சாது, வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

மழையில் இது உதவாது. தாள் ஊறிக் கூழாகிவிடும், மழைக்கோட்டுதான் வேண்டும். விரல்களையும் இது காப்பாற்றாது. விறைத்த விரலால் பிரேக் பிடிப்பது ஆபத்து, அதனால் குளிர்நாளில் முழுக் கையுறை அவசியம். அப்புறம், குளிர்காலத்தில் அதே பீடபூமியில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு போகிறவர்களுக்கும் இது சரிவராது: அங்கே இடைவிடாத உழைப்பு, தாள் சீக்கிரமே வியர்வையில் நனைந்துவிடும்.