வீட்டு லேத் பட்டறைக்கு ஆசிலாஸ்கோப் வாங்கும்போது

ஆசிலாஸ்கோப் என்பது மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி. லேத், மில்லிங் மெஷினில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாடு) பொருத்தி ஓட்டுபவர்களுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் (ஸ்கோப் அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லை) தாராளம்; ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் டிரைவருக்குப் போகும் பல்ஸ் பெரும்பாலும் சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. மிச்சக் காசில் நாலு சேனலாகப் பாருங்கள். என்கோடரின் (சுழற்சியைப் பல்ஸாக மாற்றித் தரும் சென்சார்) ஏ, பி, இசட் சிக்னல்கள் மூன்றையும் ஒரே திரையில் வைத்து, லேத்தில் பொருளைப் பிடிக்கும் ‘சக்’கைக் கையால் மெதுவாகச் சுற்றினால், ஏ-யும் பி-யும் 90 டிகிரி தள்ளி வருகின்றனவா, எங்கே பல்ஸ் விட்டுப்போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ரைகால் டிஎஸ்1054இசட் இந்த ரகம்தான்.

அப்புறம், இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: பிளக்கில் ஓடும் ஸ்கோப்பில் ப்ரோபின் (அளக்கும் இடத்தில் தொடும் வயர்) கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு நேராக இணைந்திருக்கும். அதை விஎஃப்டியின் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டார் வயரில் மாட்டினால் ஷார்ட்தான். எர்த்தைக் கழற்றிவிட்டு அளக்கவே அளக்காதீர்கள், ஸ்கோப்பின் உலோகப் பாகமே ஷாக் அடிக்கும். அந்த வேலைக்கு 1000 வோல்ட் தாங்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் (எர்த்தோடு இணைக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வோல்டேஜை அளப்பது) தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.